சந்தேகப் பிராணியின் கையெழுத்து

ஆறு மாடிக் கட்டடத்தில் லிஃப்ட் ஓட்டுகிற அவருக்குச் 'சந்தேகப் பிராணி' என்று பெயர் வைத்தது வேறு யாருமல்ல, கட்டிய மனைவிதான். பூட்டைப் பூட்டிவிட்டு நான்கு முறை இழுத்துப் பார்ப்பார். பால் பாக்கெட்டில் தேதி சரியாக இருந்தாலும் முகர்ந்து பார்ப்பார். "நல்லா இருக்கீங்களா?" என்று யாராவது கேட்டுவிட்டால், எதற்கு அடி போடுகிறான் என்று அன்று முழுக்க மண்டையைக் குடைந்துகொள்வார்.

அப்படிப்பட்டவர் லிஃப்ட் மெக்கானிக்கை மட்டும் நம்புவாரா? மாதம் ஒருமுறை வருவான். பத்தே நிமிடம். உள்ளே மாட்டியிருக்கும் அட்டையில் இங்கிலீஷில் எதையோ கிறுக்கிவிட்டு, "அண்ணே, ஒரு கையெழுத்து" என்று நீட்டுவான். இவர் அட்டையைத் தள்ளிப் பிடித்து, புருவத்தைச் சுருக்கி, எழுத்து எழுத்தாகப் படிப்பதுபோல் பாவனை செய்து, தலையாட்டிவிட்டுப் போட்டுக் கொடுப்பார். இங்கிலீஷ் தெரியாது என்று அவனிடம் சொல்ல வாய் வராது. வெட்கம்தான், வேறென்ன.

இந்த மாதம் கிறுக்கல் வழக்கத்தைவிட நீளமாக இருந்தது. வழக்கம்போல் கையெழுத்துப் போட்டுவிட்டாலும் சந்தேகம் விடவில்லை. மறுநாள் சாயங்காலம் அட்டையைச் சட்டைக்குள் மறைத்து வீட்டுக்குக் கொண்டுபோய், இங்கிலீஷ் டீச்சரான மகளிடம் காட்டினார்.

"செக்டுன்னா சும்மா பாத்திருக்காங்கப்பா. எதையும் கழட்டல."

"சரி, இது?"

"சர்வீஸ்டு. தொடச்சு எண்ணெய் போட்டிருக்காங்க. இது ரிப்பேர்டு, கெட்டுப்போனதைச் சரிபண்ணியிருக்காங்க. கடைசில, ரோப் ரீப்ளேஸ்டு. பழைய கயித்த எடுத்துட்டுப் புதுசு போட்டாச்சு."

அவர் அந்தக் கடைசி வரியில் விரலை வைத்தார். லிஃப்டைத் தாங்குகிற கம்பிக் கயிறு பிரிந்துபோயிருக்கிறது, மூன்று மாதத்துக்குள் மாற்றியாக வேண்டும் என்று சோதனைக்கு வந்த அதிகாரி சொல்லிவிட்டுப் போய் இரண்டு மாதமாகிறது. அதை மாற்ற லிஃப்டை ஒரு நாள் முழுக்க நிறுத்த வேண்டும். பதினாறு வருடமாக அதற்குள்ளேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பவருக்கு இதுகூடத் தெரியாதா? முந்தின நாள் மெக்கானிக் வந்துபோன நேரத்தில் அவர் ஒரு டீயைக்கூடக் குடித்து முடிக்கவில்லை.

அதே கட்டடத்தில் ஐந்தாவது மாடி அலுவலகத்தைக் கூட்டித் துடைப்பது அவர் மனைவி. முழங்கால் வலிக்காரி. ஒரு நாளைக்கு எட்டு முறை அந்தக் கயிற்றை நம்பித்தான் ஏறி இறங்குகிறாள்.

காலையில் முதல் வேலையாக லிஃப்டின் மெயின் சுவிட்சை இறக்கி அதை நிறுத்தினார். மெக்கானிக்குக்குப் போன் போட்டார்.

"புதுக் கயிறு இன்னும் வரலண்ணே. அட்டையில ஒண்ணும் இல்லன்னா ஆபீஸ்ல கத்துவாங்கன்னு முன்னாடியே எழுதிட்டேன். நீங்களும் படிச்சுப் பாத்துத் தலையாட்டினீங்களே!"

இவர் போனை வைத்துவிட்டார்.

மனைவி வாளியோடு வந்தாள். "ஏங்க, லிஃப்டுக்கு என்னாச்சு?"

விஷயத்தைச் சொல்லி, மெக்கானிக்கை வாய்க்கு வந்தபடி திட்டித் தீர்த்தார். அவள் பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள்.

"மாத்திட்டோம்னு அவன் எழுதினதுக்குக் கீழ யாரு கையெழுத்து?"

"...என்னோடதுதான்."

அவள் அவரை ஒருமுறை பார்த்தாள். வாளியை வாங்கிக்கொள்ள அவர் நீட்டிய கையில் அதைக் கொடுக்கவில்லை.

"நீங்கதான் எல்லாத்தையும் சந்தேகப்படுறீங்களேன்னு நான் எதையும் பாக்காம ஏறிட்டிருந்தேன்" என்றபடி படியேறத் தொடங்கினாள்.