இருபது சென்ட்டுக்கு ஒரு சம்மதக் கடிதம்

குடியிருப்பது கொச்சியில், மட்டாஞ்சேரியில் என்றாலும் இடக்கொச்சியில் எனக்கு இருபது சென்ட் நிலம் இருக்கிறது. அப்பா என் பேரில் வாங்கிப் போட்டது. தேனியிலிருந்து பிழைக்க வந்த ஓர் அம்மாள் ஆறு வருஷமாக அதில் காய்கறி போட்டுவந்தார். குத்தகை என்று எதுவும் கிடையாது. வாரம் ஒரு பை காய் வீட்டுக்கு வரும். உரக்கடைப் பக்கமே போகாத விவசாயம் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் பீற்றிக்கொள்வேன், ஏதோ நானே குனிந்து களை எடுத்த மாதிரி.

தண்ணீர்தான் தொல்லை. மாசி பிறந்தால் அங்கே கிணறு உப்புக் கரிக்கும். கோடைப் பயிர் வருஷா வருஷம் கருகும். அந்தச் சமயத்தில்தான், இயற்கை விவசாயம் செய்கிற சிறு விவசாயிகளுக்கு மழைநீர்த் தொட்டி கட்ட மானியம் உண்டு என்று கிருஷி பவனில், அதாவது விவசாய அலுவலகத்தில், அறிவித்தார்கள். சொந்த நிலம் இல்லாதவர்களும் கேட்கலாம். நிலத்துக்காரர் மூன்று வருஷத்துக்குச் சம்மதக் கடிதம் தரவேண்டும், அவ்வளவுதான்.

அந்த அம்மாள் விண்ணப்பத்தோடு வந்தார். "சாரே, இதுல ஒரு ஒப்பு மாத்திரம் இட்டுத் தாங்க. பாக்கிக்கு நான் ஓடிக்கிறேன்" என்றார். கையெழுத்தை இங்கே ஒப்பு என்போம்.

பாலக்காட்டில் நிலச் சீர்திருத்தச் சட்டம் வந்தபோது தாத்தாவின் வயல் உழுதவர்களுக்கே போய்விட்ட கதையைக் கேட்டு வளர்ந்தவன் நான். என் நிலத்தின் சர்வே எண்ணுக்குப் பக்கத்தில் அவர் பெயரைப் பார்த்ததும் காகிதத்தை மடித்து மேஜை இழுப்பறையில் வைத்தேன். "சென்னையில தம்பியைக் கேக்கணும்" என்றேன். தம்பிக்கும் நிலத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

அவர் போனதும் மனைவி பிடித்துக்கொண்டாள். "ஆறு வருஷமா அந்த வெண்டைக்காயைத் திங்கறச்சே தம்பியைக் கேட்டேளா?"

கோபம் வந்தது. அவள் சொன்னது சரி என்பதால் கொஞ்சம் கூடுதலாகவே வந்தது. வக்கீல் நண்பரைக் கேட்டேன். இந்தக் கடிதத்தால் நிலம் எங்கேயும் போகாது என்று சிரித்தார். நம்பாமல் இன்னொரு வக்கீலைக் கேட்டேன். அவரும் அதையே சொன்னார். அப்படியும் மூன்று வாரம் இழுத்தடித்து, கடைசித் தேதிக்கு முந்தின நாள் கையெழுத்துப் போட்டு, தோப்பும்படி ஸ்டாப்புக்குப் போய் இடக்கொச்சி பஸ் பிடித்தேன்.

அந்த அம்மாள் பந்தல் கம்புகளைப் பிடுங்கிக் கட்டிக்கொண்டிருந்தார். காகிதத்தை நீட்டினேன்.

"வேற ஒருத்தர் பத்து சென்ட் தந்தாரு சாரே. அன்னைக்கே ஒப்பும் இட்டாரு. அப்ளிகேஷன் குடுத்தாச்சு." குரலில் கோபமே இல்லை. இருந்திருந்தால் தேவலை.

மண்புழு உரத் தொட்டியை மட்டும் அவர் தொடவே இல்லை. "இதை எடுத்துண்டு போகலையா?" என்று கேட்டேன்.

"இந்த மண்ணு இப்பத்தான் சரியாயி வருது. அது இங்கயே கெடக்கட்டும். ஆரு செஞ்சாலும் மருந்து அடிக்க விட மாட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க சாரே, போதும்."

எழுதித் தரச் சொல்லவில்லை. என் வாய்ச்சொல்லே அவருக்குப் போதும். சொன்னேன், கையெழுத்துப் போட்ட காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் திணித்துக்கொண்டே.