பிரசங்க மேடையின் மரக்குடை

பழைய மாதா கோயில்களில் பிரசங்க மேடை பார்க்கப் போகிறேன் என்றால் எங்கள் தெருவில் சிரிக்கிறார்கள். இப்போது அதில் யாரும் ஏறுவதில்லை. சாமியார் பீடத்துக்குப் பக்கத்தில் மைக் முன்னால் நின்று பேசிவிட்டுப் போய்விடுகிறார். மேடை தூணோடு ஒட்டிக்கொண்டு சும்மா கிடக்கிறது. தை மாதத்திலிருந்து புரட்டாசிக்குள் நானும் என் மனைவியும் ஒன்பது கோயில்களுக்கு இதற்காகவே போய்வந்தோம்.

எனக்குக் காது போய்க்கொண்டிருக்கிறது. பாசனப் பிரிவில் ஓவர்சீயராக முப்பத்து மூன்று வருஷம் மதகு இரைச்சலில் நின்றதால்தான் என்கிறேன் நான். வயசு என்கிறார் டாக்டர். மெல்லிய ஓசைகள் முதலில் போகுமாம். "ஆம்பளைங்க பேசுனா ஓரளவு புரியும் சார். அம்மா பேசுறதுதான் கஷ்டம்," என்று சொல்லி இரண்டு காதுக்கும் மிஷின் மாட்டிவிட்டார். மிஷினில் மின்விசிறி கேட்கிறது, ஸ்பூன் விழுவது கேட்கிறது, அடுத்த வீட்டு மோட்டார் கேட்கிறது. அவள் பேசுவது மட்டும் கேட்கவில்லை. அதனால் அவள் கத்துகிறாள். "சாப்பிட வாங்க!" "மாத்திரை போட்டீங்களா!" எங்களுக்குள் தினமும் சண்டை என்று எதிர்வீட்டில் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

அவள் இயல்பாகப் பேசினால் பக்கத்து அறைக்குக்கூடக் கேட்காது. நாற்பத்தாறு வருஷம் அந்தக் குரலோடு இருந்துவிட்டு, கடைசி இரண்டு வருஷமாக வேறு யாரோ ஒரு பெண்பிள்ளையின் கத்தலோடு இருக்கிறேன். இன்னொன்றும் போயிற்று. கத்திச் சொல்ல வேண்டுமென்றால் அவசியமானதைத்தான் சொல்ல முடியும். வாழைக்குலையை அணில் கடித்தது, கீரைக்காரி புதுத் தோடு போட்டிருக்கிறாள் என்பதையெல்லாம் யார் கத்திச் சொல்வார்கள்? ஒரு நாள் உட்கார்ந்து எண்ணினேன். காலையிலிருந்து சாயங்காலம் வரை என்னிடம் பதினான்கு வாக்கியம் பேசினாள். பதினான்கும் சாப்பாடு, மருந்து, தண்ணீர் மோட்டார்.

போன வருஷம் ஒரத்தநாடு தாண்டி ஒரு சொந்தக்காரரின் அடக்கப் பூசைக்குப் போயிருந்தேன். பழைய கோயில், உயரமான வளைவுக் கூரை. பத்து ஸ்பீக்கர் மாட்டியிருந்தார்கள், பத்தும் ஒன்றோடொன்று மோதிக்கொண்டன. ஒரு சொல் பிடிபடவில்லை. பாதியில் கரண்ட் போயிற்று, ஜெனரேட்டரில் டீசல் இல்லை. பூசைக்கு வந்திருந்த வயதான சாமியார் ஒருவர் யாரையும் கேட்காமல் பிரசங்க மேடையில் ஏறினார். மேடைக்கு மேலே கவிழ்த்த தட்டு மாதிரி ஒரு மரக்குடை உண்டு. குரல் கூரைக்குப் போய்ச் சிதறாமல் ஜனங்கள் பக்கம் இறங்குவதற்காக வைத்தது அது. அவர் பேசப் பேச, மிஷினைக் கழற்றிப் பையில் போட்டுவிட்டு ஒவ்வொரு சொல்லாகக் கேட்டேன். பஸ்ஸில் வரும்போது ஒரே நினைப்பு: அந்தக் குடைக்குக் கீழே இவளை நிற்கவைத்துப் பேசச் சொல்ல வேண்டும். அடுத்த வாரமே போய்ப் பார்த்தேன். கோயிலைப் புதுப்பிப்பதாகச் சொல்லி மேடையைச் சாரம் கட்டி மூடியிருந்தார்கள்.

அவளிடம் இதைச் சொல்லவில்லை. மரவேலைப்பாடு பார்க்கலாம் வா என்றுதான் கிளப்பினேன். அவளுக்கும் அதில் ஆசை உண்டு. முதல் எட்டுக் கோயிலும் வீண். மூன்றில் மேடையே இல்லை, இருந்த இடத்தில் ஏ.சி. இரண்டில் குடையைக் கழற்றியிருந்தார்கள். ஒன்றில் படி இல்லை, அந்தரத்தில் தொங்குகிறது. ஒன்றில் உள்ளே கிறிஸ்துமஸ் நட்சத்திரங்களை அடைத்துப் பூட்டியிருந்தார்கள். ஒன்றில் எல்லாம் சரியாக இருந்தது, இளம் சாமியார்தான் கூடாது என்றார். ஏறுவதற்கு ஆயர் இல்லத்தில் எழுதி வாங்க வேண்டுமாம்.

ஒன்பதாவது, குத்தாலம் பக்கம். ஊர்ப்பெயரை எழுதினால் கோயிலைத் திறந்து மூடிப் பார்த்துக்கொள்ளும் கோயில்பிள்ளைக்குத் தொந்தரவு வரும். தஞ்சாவூரிலிருந்து இரண்டு பஸ். குறுவை அறுப்பு நேரம், பாதிச் சாலையில் நெல் காய்ந்தது, இருபது நிமிஷம் தாமதம். கோயிலுக்கு இரட்டைக் கோபுரம், உள்ளே பதினாறு தூண், கூர்வளைவு ஜன்னல் பதினான்கு. அதில் மூன்றில்தான் பழைய கலர் கண்ணாடி மிச்சம். தூண்களுக்கு யாரோ தங்க எனாமல் அடித்துக் கெடுத்திருக்கிறார்கள். ஆனால் இடப்பக்கம் மூன்றாவது தூணில் மேடை முழுசாக இருந்தது. எண்கோணம், அசல் தேக்கு. தூணைச் சுற்றிப் பதினோரு படி. குடையும் இருந்தது, அதன் அடிப்புறத்தில் செதுக்கிய புறா சிறகை விரித்திருந்தது. வெள்ளைப் பூச்சு உதிர்ந்து புறா பழுப்பாகியிருந்தது.

மேடைப் பலகைகளில் நற்செய்தியாளர் நால்வரின் அடையாளங்கள். மனிதன், சிங்கம், மாடு, கழுகு. அவள் மாட்டுக்குக் கீழே போய் நின்றுகொண்டு, "ஏங்க! இது நம்ம ஊரு மாடுங்க! திமிலப் பாருங்க!" என்று கத்தினாள். பார்த்தேன். நிஜம்தான். கழுத்தில் மணி வேறு. எந்த ஊர்த் தச்சனோ, தனக்குத் தெரிந்த மாட்டைச் செதுக்கிவிட்டுப் போயிருக்கிறான். கோயில்பிள்ளை, ஐம்பது வயதிருக்கும், சிரித்தார். "அம்பது வருஷமா இங்கதாம்மா இருக்கேன். திமில நீங்கதான் சொல்றீங்க."

அவர் சிரித்த நேரம் பார்த்து அவளைப் பக்கத்தில் இழுத்து, காதோடு காதாக விஷயத்தைச் சொன்னேன். "நீ மேல ஏறி ஏதாவது பேசு. கத்தாம, நீ பேசுற மாதிரி. உன் குரலக் கேட்டு ரெண்டு வருஷமாச்சு. எனக்கு அது வேணும்."

மெதுவாகச் சொன்னதாகத்தான் நினைத்தேன். காது போனவன் மெதுவாகச் சொல்வது எந்த அளவு என்பது அவனுக்குத் தெரியாது. பீடத்தில் பூ வைத்துக்கொண்டிருந்த இரண்டு பெண்கள் சட்டென்று திரும்பினார்கள். கோயில்பிள்ளை சிரிப்பை நிறுத்திவிட்டார். என் மனைவி முந்தானையை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டாள். "ஊருக்கே கேட்டுருச்சு," என்றாள், கத்தித்தான்.

"இதுக்குத்தான் ஒம்பது கோயிலா?"

"ஆமா."

"சாமியாருங்க ஏறுற எடங்க அது."

கோயில்பிள்ளை குறுக்கே வந்தார். "இப்ப பல்லிதாம்மா ஏறுது. ஃபாதர் மாயவரம் போயிருக்காரு. ஏறிட்டு வாங்க. ஐயாவுக்கு ஒரு பிரசங்கம் வைங்க."

"நாப்பத்தாறு வருஷமா கீழேருந்து வக்கிறேன். யாரு கேட்டா?" என்றாள். பூ வைத்த பெண்கள் சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்பில்தான் அவளுக்குத் துணிச்சல் வந்திருக்க வேண்டும்.

தலையில் முக்காடு போட்டுக்கொண்டாள். வலது முட்டி மடங்காது என்பதால் ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் சேர்த்து வைத்து ஏறினாள். கோயில்பிள்ளை மின்விசிறிகளை நிறுத்தினார். நான் எதிர்த் தூணடியில் நின்றேன், பதினேழு காலடித் தூரம். மிஷினைக் கழற்றினேன். மேடைக்கு மேலே அவள் நெஞ்சு வரைதான் தெரிந்தது. கைப்பிடிப் பலகையில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு, என்னைப் பார்த்து, பேச ஆரம்பித்தாள்.

குரல் வந்தது. அவளுடைய குரல். வாக்கியம் முடிகிற இடத்தில் லேசாக ஏறுமே, அந்த ஏற்றம். மூச்சு வாங்குவதற்கு முன்னால் வரும் அந்தச் சின்னத் தயக்கம். எங்கள் முதல் வீட்டில், சுவருக்கு அந்தப் பக்கம் அவள் தனக்குத்தானே பேசிக்கொண்டு அரிசி களைவது எப்படிக் கேட்குமோ, அப்படியே. தூணைப் பிடித்துக்கொண்டேன்.

சொற்கள் வரவில்லை. டாக்டர் சொன்னது சரி. குரல் முழுசாக வந்து சேர்ந்தது, சொற்கள் வழியிலேயே கரைந்தன. ஐந்து வாக்கியம் பேசினாள். நடுவில் ஒன்று நீளம். கடைசி ஒன்று கேள்வி. பூ வைத்த பெண்களில் ஒருத்தி கண்ணைத் துடைத்தாள். கோயில்பிள்ளை தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

இறங்கி வந்து என் முன்னால் நின்று, "கேட்டுச்சா?" என்று கத்தினாள்.

"கேட்டுது," என்றேன். பொய் இல்லை.

"அப்ப சரிதானே?"

அவள் முகத்தைப் பார்த்தால் இல்லை என்று சொல்ல வராது. "சரிதான்," என்றேன். எதற்கு என்று தெரியாமல்.

திரும்பும் பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து அறுத்த வயல்களைப் பார்த்துக்கொண்டே வந்தாள். இடையிடையே என் பக்கம் திரும்பிச் சிரித்தாள். நானும் சிரித்தேன். அன்றிலிருந்து இருபத்து மூன்று நாளாகிறது. குரல் மட்டும் கிடைத்தால் போதும் என்றுதான் அவளை ஏற்றினேன். இப்போது சாப்பிடும்போதும் படுக்கும்போதும் அந்த ஐந்து வாக்கியம்தான். என்ன சொன்னாய் என்று அவளைக் கேட்க வாய் வரவில்லை. கேட்டுது என்று சொல்லிவிட்டேனே. கேட்டாலும் அதைக் கத்தித்தான் சொல்வாள்.

அந்த ஊரில் மூன்று பேருக்குத் தெரியும். காலை பஸ்ஸில் தனியாகப் போய், கோயில்பிள்ளையைக் கேட்டால் ஒரு சொல் விடாமல் சொல்லிவிடுவார். ஆம்பளைக் குரல், எனக்கு நன்றாகக் கேட்கும். இரண்டு தடவை பஸ் ஸ்டாண்டு வரை போனேன். இரண்டு தடவையும் திரும்பிவிட்டேன். அதை அவர் குரலில் கேட்க எனக்கு வேண்டாம்.