விரலில் ஓடிய எக்காளப் பிளேட்டு

குற்றாலத்தில் சாரல் நன்றாகப் பிடித்திருந்த ஓர் ஆனி மாதக் காலை. பேரருவியில் தண்ணீர் பலமாக விழுந்துகொண்டிருந்தது. எந்த ஊர்க்காரரோ, கண் தெரியாத ஒரு பெரியவர் கம்பை ஊன்றிக்கொண்டு வந்து, “யாராவது என்னைத் தண்ணிக்குக் கீழே கொண்டு விடுங்கப்பா” என்று கேட்டார். எண்ணெய் தேய்க்கிற பிச்சுமணி அண்ணாச்சி அவர் கையைப் பிடித்துக் கூட்டிப் போனார். அன்றைய தண்ணீருக்கு வாலிபப் பிள்ளைகளே தள்ளாடினார்கள். அண்ணாச்சி பெரியவரைப் பாறை ஓரமாக நிறுத்திவிட்டு, அவருக்கு மேலாகக் குனிந்து, பாறையில் இரண்டு கையையும் ஊன்றி, விழுகிற தண்ணீரையெல்லாம் தன் முதுகில் வாங்கிக்கொண்டார். அவர் தோளில் பட்டுச் சிதறியதுதான் பெரியவர் தலையில் விழுந்தது. பெரியவர் கைகூப்பி நின்று ஆசை தீரக் குளித்தார். கரையேறியதும், “அருவி பயங்கரமா விழுதுன்னாவ. எனக்குப் பூப்போலல்லா விழுந்தது. குற்றாலநாதர் மனசு வச்சுட்டாரு” என்றார்.

“ஆமா பெரியவரே, இன்னைக்குத் தண்ணி கம்மிதான்” என்று சொல்லி அண்ணாச்சி அவருக்குத் தலை துவட்டிவிட்டார். அண்ணாச்சியின் முதுகு கன்றிப் போயிருந்தது. நான் பார்த்துக்கொண்டு நின்றது அவருக்குத் தெரியாது. நானும் கேட்டுக்கொள்ளவில்லை.

சன்னதித் தெருவில் எனக்குத் தேங்காய், சூடம், திருநீறு விற்கிற சிறிய கடை. அண்ணாச்சி தினமும் காலையில் வந்து ஒரு சிட்டிகை திருநீறு பூசிக்கொண்டுதான் அருவிக்கரைக்குப் போவார். குட்டையான ஆள். கை மட்டும் பெரிய ஆளுடையதை எடுத்து மாட்டினது போல இருக்கும். அதிகம் பேசமாட்டார். அவருக்கு ஒரே ஒரு பைத்தியம் இருந்தது. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

செங்கோட்டை, கொல்லம் ரயில் பாதையில் கார்டு வேலை பார்த்தவர் ஏசுவடியான். 1936 சீசனில் அவர் எண்ணெய்க் குளியலுக்கு வந்தார். அண்ணாச்சி முதுகில் தேய்க்கத் தேய்க்க, ஏசுவடியான் வாயிலேயே ஏதோ ஒரு மெட்டைச் சீட்டியடித்துக்கொண்டிருந்தார்.

“அது என்ன பாட்டு அண்ணாச்சி? அழுதுக்கிட்டே சிரிச்ச மாதிரில்லா இருக்கு?” என்று பிச்சுமணி அண்ணாச்சி கேட்டார்.

“இதுக்குப் பேரு ஜாஸ், வே. அமெரிக்காவுல கறுப்பு ஜனங்க உண்டாக்கினது. ஒரு சட்டைக்காரர், ஆங்கிலோ இந்தியர், எஞ்சின் டிரைவர், ஊரை விட்டுப் போறப்ப பதினோரு கிராமபோன் பிளேட்டை என்கிட்டத் தந்துட்டுப் போனாரு. கேக்கணுமா? ஞாயித்துக்கிழமை தென்காசிக்கு வாரும்.”

ஞாயிற்றுக்கிழமை எண்ணெய் தேய்த்துக்கொள்வது நம் பக்கம் வழக்கமில்லை. அதனால் அண்ணாச்சிக்கும் அன்று வேலை கிடையாது. தென்காசியில் நயினார் பிள்ளை வீட்டு மாடியறையில் ஞாயிறு மத்தியானம் நாங்கள் கூடுவோம். கிராமபோன் பெட்டி நயினார் பிள்ளையுடையது. வயல், தோப்பு, வீடு எல்லாம் நிறைவாக உள்ளவர். நாடகப் பாட்டென்றால் உயிர். ஏசுவடியான் தம் பதினோரு பிளேட்டையும் ஒரு தகரப் பெட்டியில் போட்டு அங்கேயே வைத்திருந்தார். நான் சாமி பாட்டு பிளேட்டு நாலைந்து வைத்திருந்தேன். அப்படித்தான் நானும் அந்தச் சபையில் சேர்ந்தேன்.

எங்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. வந்து உட்கார்ந்ததும் ஒவ்வொருவரும், “இந்த வாரம் என் காதுல இது ஓடுது” என்று ஒரு பிளேட்டைச் சொல்லவேண்டும். ஏன் என்றும் சொல்லவேண்டும். பிறகு அதைப் போடுவோம். மற்றவர்களுக்குப் பிடிக்காவிட்டாலும் முழுசும் கேட்டே ஆகவேண்டும். ஜாஸ் பிளேட்டில் உள்ள இங்கிலீஷ் எழுத்து ஏசுவடியானைத் தவிர யாருக்கும் ஓடாது. அதனால் நாங்களே பேர் வைத்துக்கொண்டோம். ரயில் பிளேட்டு, கோழிப் பிளேட்டு, எக்காளப் பிளேட்டு.

அண்ணாச்சி முதல் தடவை எக்காளப் பிளேட்டைக் கேட்டது எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. பெட்டிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, கண்ணை மூடினவர், பிளேட்டு முடிந்து ஊசி கரகரவென்று உரசுகிற வரைக்கும் திறக்கவில்லை.

நயினார் பிள்ளைக்கு மட்டும் அது ஆகவே ஆகாது. “இது பாட்டாவே? நாலு தெருவுல இருந்து நாலு கல்யாண மேளம் ஒரே நேரத்துல வந்து முட்டினாப்பலல்லா இருக்கு!”

அண்ணாச்சி மெல்லச் சொன்னார்: “முட்டல அண்ணாச்சி. நாலு பேரும் ஒரே வீட்டுக்குத்தான் போறான். வேற வேற சந்து வழியா போறான்.”

ஏசுவடியான் தொடையில் தட்டிச் சிரித்தார். “பதினோரு பிளேட்டு வச்சிருக்கேன், எனக்கு இது சொல்லத் தெரியல பாரும்.”

அண்ணாச்சியிடம் பிளேட்டு ஒன்றும் கிடையாது. தம் முறை வரும்போது என்ன சொல்வார் தெரியுமா? “இந்த வாரம் ரயில் பிளேட்டு. புதன்கிழமை மூணு பேருக்கு அதை வச்சுத்தான் முதுகு தட்டினேன். மதுரைக்காரர் ஒருத்தர், ‘என்னப்பா, தட்டுறது ஒரு தினுசா இருக்கு, நடுவுல ஒன்னை விட்டுட்டு விட்டுட்டுத் தட்டுறே?’ன்னு கேட்டாரு. விடல ஐயா, அது அங்கன ஒளிஞ்சு நிக்கின்னேன்.” நயினார் பிள்ளையே சிரித்துவிட்டார்.

இப்படி ஆறு வருஷம் நல்லபடியாகப் போனது. 1942-இல் ஒரு ஞாயிறு, நயினார் பிள்ளை சாவி கொடுக்கும்போது பெட்டிக்குள் ‘டங்’ என்று ஒரு சத்தம். சுருள் வில் அறுந்துவிட்டது. சண்டைக்காலம். திருநெல்வேலிக்கு ஆள் அனுப்பினோம், மதுரைக்கு எழுதிக் கேட்டோம். வில் இல்லை, எப்போது வரும் என்றும் தெரியாது என்று பதில். இரண்டு ஞாயிறு சும்மா உட்கார்ந்து காப்பி குடித்துவிட்டுக் கலைந்தோம்.

மூன்றாம் ஞாயிறு அண்ணாச்சி பெட்டி அருகே போய், “ஒரு பிளேட்டை வையுங்களேன்” என்றார். ஊசியை வைத்ததும் பிளேட்டு நடுவில் ஒட்டியிருந்த காகிதத்தில் ஆள்காட்டி விரலை ஊன்றிச் சுற்ற ஆரம்பித்தார். முதலில் போட்டது நயினார் பிள்ளையின் நாடகப் பாட்டு. பாடுகிறவர் குரல் மேலே போய்க் கீழே வந்து தள்ளாடியது.

“நிறுத்தும் வே! கள்ளுக்கடையில இருந்து வந்தவன் மாதிரில்லா பாடுதாரு!” என்று நயினார் பிள்ளை எழுந்தேவிட்டார்.

பிறகு எக்காளப் பிளேட்டை வைத்தார்கள். அது தள்ளாடவில்லை. மூன்று நிமிஷமும் ஒரே சீராக ஓடி முடிந்தது.

“எப்படி வே?” என்றார் ஏசுவடியான்.

“நான் என்ன செஞ்சேன்? உள்ள வாசிக்கிறவன் தாளம் சொல்லுதான். நான் பின்னால போறேன். முதுகு தேய்க்கிற மாதிரிதான்.”

விரலில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் வழுக்கும். அரப்புப் போட்டு மூன்று தடவை கழுவியும் போகவில்லை. என்னிடம் தயங்கித் தயங்கிக் கேட்டார்: “கடைக்காரரே, விரல்ல கொஞ்சம் திருநீறு தொட்டுக்கிட்டா தப்பா?” நான் யோசித்தேன். நாலு பேர் மனசு குளிருகிற காரியத்துக்குத்தானே என்று ஒரு பொட்டலம் மடித்துக் கொடுத்தேன். ஒவ்வொரு பிளேட்டுக்கு முன்பும் நெற்றியில் ஒரு கீற்று, விரலில் ஒரு கீற்று.

அப்படியே இரண்டு வருஷம் ஓடியது. சாமி பாட்டும் நாடகப் பாட்டும் விரலுக்கு ஒத்துவராததால் ஜாஸ்தான் எந்நேரமும். வேறு வழியில்லாமல் கேட்டுக் கேட்டு நயினார் பிள்ளையும் ஒருநாள், “இந்த வாரம் என் காதுல கோழிப் பிளேட்டு ஓடுது. ஏன்னு கேக்காதீங்க” என்றார்.

1944 தை மாதம் அண்ணாச்சி என் கடைக்கு வந்து, புனலூருக்கே போய்விடப் போவதாகச் சொன்னார். மருமகனுக்கு அங்கே மில் வேலை. மகள் பேச்சித்தாய் இரண்டு கைப்பிள்ளையோடு ஒற்றையில் கஷ்டப்படுகிறாள். அவர் சம்சாரம் முருகம்மாள் ஒரே பிடியாக நிற்கிறாள். “போறதுல வருத்தம் இல்ல கடைக்காரரே. பேரப்பிள்ளைகளைப் பாத்துக்கிட்டு இருக்கலாம். ஒன்னுதான்...” என்று நிறுத்தினார்.

“என்ன அண்ணாச்சி?”

“அந்த எக்காளத்தை நான் கேட்டு ரெண்டு வருஷம் ஆச்சு.”

எனக்குப் புரியவில்லை. வாராவாரம் அவர்தானே சுற்றுகிறார்?

“சுத்துதேன். சுத்துறப்ப எங்க கேக்க? என் கவனம் பூரா விரல்லல்லா கிடக்கு. உங்க மூணு பேரு மூஞ்சியப் பாத்துத்தான் பாட்டு நல்லா ஓடுதுன்னு தெரிஞ்சுக்கிடுதேன். போறதுக்கு முன்ன ஒரே ஒரு தடவை சும்மா உக்காந்து அதைக் கேட்டுரணும்.”

எனக்குச் சுருக்கென்றது. அவர் பாட்டை நாங்கள் மூன்று பேரும் கேட்டுவிட்டு, அவரைக் கேட்கவிடாமல் வைத்திருந்திருக்கிறோம். அவருக்குப் பதில் பிளேட்டை ஏசுவடியான் சுற்றிப் பார்த்தார், ரயில் நிற்கப்போகிற மாதிரி குலுக்கிக் குலுக்கி இழுத்தது. நான் சுற்றினால் ஊசி துள்ளியது. மீதி நயினார் பிள்ளை ஒருவர்தான். நேரே போய் விஷயத்தைச் சொன்னேன்.

“அவரு உக்காந்து கேக்க, நான் சுத்தணுமாக்கும்?” என்றார். குரலில் கோபமில்லை. எழுந்து உள்ளே போய்விட்டார். ஊருக்குப் பெரிய மனுஷர். அவரை அப்படிக் கேட்டிருக்கக்கூடாதோ என்று கூசிப்போய்த் திரும்பினேன்.

நாலு நாள் கழித்து நயினார் பிள்ளை மனைவி ஆவுடைத்தாய் அம்மாள் கோயிலுக்கு வந்தவர், என் கடையில் சூடம் வாங்கிக்கொண்டே கண்கலங்கினார். “உங்க அண்ணாச்சிக்கு என்னமோ ஆயிட்டு. மத்தியானமானா மாடியில கதவைச் சாத்திக்கிடுதாவ. உள்ள ஒரு நேரம் பூனை கத்துது, ஒரு நேரம் எருமை கத்துது. கேட்டா, ‘கீழ போ ஏட்டி’ங்காவ. அதான் அர்ச்சனைக்கு வந்தேன்.” என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை. “ஒன்னும் பயப்படாதீங்க மதினி, நல்ல காரியம்தான் நடக்கு” என்று சொல்லி அனுப்பினேன். நானும் கோயிலுக்குள்ளே போய் ஒரு சூடம் ஏற்றினேன்.

கடைசி ஞாயிறு. அண்ணாச்சி வழக்கம்போல் பெட்டிக்குப் பக்கத்தில் போய் உட்காரப் போனார். நயினார் பிள்ளை தம் சாய்வு நாற்காலியைக் காட்டி, “நீரு அங்கன உக்காரும் வே” என்றார்.

“அண்ணாச்சி, அது உங்க...”

“உக்காரும்னா உக்காரும். கடைக்காரரே, அந்தப் பொட்டலத்தை இங்க தாரும்.”

நெற்றியில் பூசி, விரலிலும் தொட்டுக்கொண்டார். எக்காளப் பிளேட்டை வைத்துச் சுற்றினார். முதலில் வேகம் கூடி எக்காளம் கோழிக்குஞ்சு போலக் கீச்சிட்டது. உடனே பயந்து நிதானித்தார், பாட்டு தூங்கி வழிந்தது. பிறகு எப்படியோ தாளம் அவர் விரலைப் பிடித்துக்கொண்டது. அவர் நெற்றி வியர்வையில் திருநீறு கரைந்து மூக்கில் வழிந்தது, துடைக்கவில்லை. நான் பாட்டைக் கேட்கவில்லை. நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்த பிச்சுமணி அண்ணாச்சி கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் சாய்ந்து, கண்ணை மூடினதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் பெரிய கைகள் இரண்டும் மடியில் வேலையில்லாமல் கிடந்தன.

ஊசி கரகரத்தது.

“சொல்லும் வே. கேவலமாத்தான இருந்தது?” என்றார் நயினார் பிள்ளை, மேல்மூச்சு வாங்க.

அண்ணாச்சி கண்ணைத் திறந்தார். “நடுவுல ஒரு இடத்துல உங்களுக்கு மூச்சு முட்டுச்சுல்லா? சரியா அங்கனதான் எக்காளம் ஊதுறவனும் மூச்சு எடுத்தான். அது இத்தனை நாளா எனக்குத் தெரியாது அண்ணாச்சி.”

நயினார் பிள்ளை துண்டால் முகத்தை மூடித் துடைத்தார். வெகுநேரம் துடைத்தார்.

மறுநாள் தென்காசி ஸ்டேஷனுக்கு நான்தான் வழியனுப்பப் போனேன். முருகம்மாள் மூட்டைகளோடு முன்னாடியே ஏறி ஜன்னலோரம் பிடித்துவிட்டாள். அதற்குப் பிறகு நான் அண்ணாச்சியைப் பார்க்கவில்லை. புனலூரில் பேரப்பிள்ளைகளோடு நன்றாக இருந்து, நல்லபடியாகவே போய்ச் சேர்ந்தார் என்று பின்னால் ஏசுவடியான் சொல்லிக் கேட்டேன்.

அன்று ஸ்டேஷனில் வண்டி புறப்படுமுன், “அங்கன கிராமபோன் கிடைக்குமோ என்னமோ அண்ணாச்சி. பாட்டுக்கு என்ன செய்வீய?” என்று கேட்டேன்.

“அதான் கேட்டுட்டேன்லா, போதும்” என்றார். வண்டி நகர ஆரம்பித்தது. ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிச் சிரித்துக்கொண்டே சத்தமாகச் சொன்னார்:

“நயினார் அண்ணாச்சி பிளேட்டுல ஒரு பக்கந்தான் பழகியிருக்காவ, கடைக்காரரே. மறுபக்கத்தையும் பழகச் சொல்லும்!”