அடைத்த பெட்டியிலிருந்து வந்த பொலி

காலைக் கோச்சி, அதுதான் ரயில், எங்கள் வயல் வட்டையின் ஓரமாகப் போகும்போதுதான் வயலில் நிற்பவர்களுக்குத் தேத்தண்ணி நேரம். எங்கள் கிரான் ஊர்ப்பக்கத்தில் அப்போது பலருக்குக் கைக்கடிகாரம் கிடையாது. கோச்சி பிந்தினால் தேத்தண்ணியும் பிந்தும். இப்போதும் அதே தண்டவாளத்தில்தான் போகிறது, பெட்டிகள்தான் புதிசு. சத்தம் கேட்டால் அடுப்பில் என்ன வேகிறது என்றும் பாராமல் வாசலுக்கு வந்துவிடுவேன். என் பிள்ளைகள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

எனக்கு அந்த நாட்களில் பிடித்தது சூடடிப்பு. அறுத்த கதிரைக் களவெட்டியில் பரப்பி, அதன்மேல் எருமைகளைச் சுற்றிச் சுற்றி நடத்துவார்கள். நடத்துகிறவர், நெல் பெருகட்டும் என்று வேண்டி, “பொலி… பொலி…” என்று நீட்டிக் குரல் கொடுப்பார். களவெட்டிக்குள் பெண்கள் கால் வைக்கக் கூடாது, அந்தச் சொல்லை வாயில் எடுக்கவும் கூடாது. எடுத்தால் விளைச்சல் குறைந்துவிடுமாம். நான் தேத்தண்ணி வாளியை வரம்பிலேயே வைத்துவிட்டுத் தள்ளி நிற்பேன். ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள், என் வேலை அதுதான். அண்ணன் குரல் கொடுத்தால் மற்றவர்கள் தங்கள் குரலை அடக்கிக்கொள்வார்கள். கடைசியில் குரலைக் கிணற்றுக்குள் கல் போட்டதுபோல இறக்குவான்.

யுத்தம் கடுத்த ஒரு வருடம், சுற்றிவளைப்பில் ஆமிக்காரர்கள் அண்ணனைப் பிடித்துக்கொண்டு போனார்கள். உயிரோடு இருக்கிறானா என்று சொல்ல ஆளில்லை. ஊரில் ஒரு கதை மட்டும் அடிபட்டது. பிடித்தவர்களைத் தெற்கே உள்ள முகாமுக்குக் காலைக் கோச்சியில்தான் ஏற்றுகிறார்கள், கடைசிப் பெட்டியில் யன்னலெல்லாம் அடைத்திருக்கும் என்று. அம்மா சாப்பாட்டை விட்டுவிட்டா. மூன்று நாள் வெறும் தண்ணியோடு கிடந்தா. அண்ணனுக்கு ஒன்று நடந்திருந்தால் அம்மாவும் போய்விடுவா என்ற பயம் எனக்கு. நான் எப்போதுமே நடக்காததையும் நடந்ததாக நினைத்துப் பயப்படுகிறவள். இது நடக்கக்கூடியது.

வாளியைத் தூக்கும் சாட்டில் தினமும் தண்டவாளக் கடவைக்குப் போனேன். கேட் போடுகிற ஐயா நல்ல மனிசன், வாய்தான் சும்மா இராது.

“என்ன புள்ள, கோச்சிக்காரனக் கலியாணம் முடிக்கப் போறியா? ஒவ்வொரு நாளும் வந்து நிக்காய்.”

“அடைச்ச பெட்டி வருதா எண்டு பாக்கன், ஐயா.”

அவர் முகம் மாறியது. “வந்தாலும் கிட்டப் போகாத. பார்சல் கீர்சல் எறிஞ்சிடாத. துவக்கோட நிப்பானுகள்.”

நான்காம் நாள் கடைசிப் பெட்டி அடைத்தபடி வந்தது. வளைவில் கோச்சி மெதுவானது. வாசலில் துவக்கோடு ஒருவன் நின்றான். பெட்டி என்னைத் தாண்டும்போது உள்ளேயிருந்து வந்தது அந்தக் குரல்.

“பொலி… பொலீ…”

காவலுக்கு நின்றவனுக்கு அது என்னவென்று தெரிந்திருக்காது. எனக்குத் தெரியும். என் வாய் என்னைக் கேட்கவில்லை. அடித்தொண்டையால் “பொலி!” என்று கத்திவிட்டேன்.

வாளியை எங்கே விட்டேனோ, வீட்டுக்கு ஓடினேன். “அம்மா, அண்ணன் கோச்சியில போறான். பொலி சொன்னான்.” அம்மா எழும்பி உலை வைத்தா. நான் திருப்பிக் கத்தியதைச் சொல்லவில்லை. அன்றிலிருந்து புதிதாக ஒரு பயம் பிடித்தது. பெண் வாயால் பொலி சொன்ன குற்றம் அண்ணன் தலையில் விடிந்துவிட்டால்?

ஒன்றரை வருடம் கழித்து அண்ணன் வந்தான். பாதியாகியிருந்தான். அம்மா குளத்து மீன் ஆக்கிப் போட்டா. அவன் சாப்பிட்டு முடியும்வரை பொறுத்திருந்து கேட்டேன்.

“அண்ணே, கோச்சியில நீ பொலி சொன்னது எனக்குக் கேட்டிச்சு.”

“நானா? எச்சில் விழுங்கவே ஏலாமக் கிடந்தன். அது பக்கத்தில இருந்த பொடியன். களுவாஞ்சிக்குடியான். வயல் மணக்குது எண்டு சொல்லிப்போட்டுக் கத்தினான்.”

“அப்ப நீயும் அதுக்குள்ளதான் இருந்த?”

“ஓம். வெளியால ஆரோ கிழவன் திருப்பிக் கத்தினான். தொண்ட கட்டின கிழவன்.”

“அது நான்தான்.”

அண்ணன் என்னையே பார்த்தான். பிறகு சிரித்தான், புரைக்கேறும் வரைக்கும். அவன் வந்த பிறகு அதுதான் முதற் சிரிப்பு. “அம்மா, இஞ்ச வாங்க. உங்கட மகள் களவெட்டிக்குப் போகலாம். எரும பயந்து தானா சுத்தும்!”

சிரிப்பு அடங்கியதும் சொன்னான். “அதக் கேட்டு அந்தப் பொடியன் அழுதுட்டான், தங்கச்சி. ‘அது எங்கட அப்பாட குரல். கோச்சி பாக்க வந்திருக்காரு’ எண்டான். வழி நெடுக ஒவ்வொருத்தனுக்கும் அதத்தான் சொன்னான்.”

“இப்ப எங்க அவன்?”

“தெரியா. இறங்கினதும் எங்களப் பிரிச்சிட்டானுகள்.”

அந்தத் தகப்பனுக்குத் தன் மகன் கூப்பிட்டதும் தெரியாது, தான் பதில் கொடுத்ததாக மகன் நம்பியதும் தெரியாது. இரண்டும் என்னிடம் இருக்கின்றன. களவெட்டி போய், வெட்டு மெசின் வந்து, பொலி என்றால் என்னவென்று என் பிள்ளைகள் கேட்கும் காலம் ஆகிவிட்டது. எனக்கு மட்டும் அந்தக் குரல் அப்படியே இருக்கிறது. சொன்னால் பாவம், ஆனாலும் சொல்கிறேன்: அண்ணன் குரலைவிட அது நன்றாக இருந்தது.

போன வருடம் ஒரு உறவினர் வீட்டுக் கலியாணத்துக்காகக் களுவாஞ்சிக்குடிக்குப் போனேன். திரும்பும்போது சந்தையடியில் இறங்கினேன். கோச்சியில் போன பையன் ஒருவனைப் பற்றி விசாரிக்கத்தான். பொலி நன்றாகச் சொல்கிறவன், பிடிபட்டுப் போனவன் என்று கேட்டால் ஆளைக் கண்டுபிடித்திருக்கலாம். அவன் திரும்பி வந்திருந்தால் சிரித்துக்கொண்டு சோறு போடுவார்கள். வராவிட்டால்? “அது நான் இல்லையே மகள்” என்று அந்தத் தகப்பன் சொன்னால் நான் எங்கே பார்ப்பேன்?

ஒருவரிடமும் கேட்காமல் பஸ் நிறுத்தத்தில் போய் இருந்தேன். பக்கத்தில் வந்து உட்கார்ந்த ஒரு பெரியவர் கேட்டார். “எங்க மகள் போகணும்?”

“கிரானுக்கு.”

“கோச்சி போற பக்கமா?”

“ஓம்,” என்றேன். உங்கள் மகனும் அதில் போனானா என்று கேட்கவில்லை. பஸ் வந்தது, ஏறிவிட்டேன்.