செங்கமலத்தின் கிழக்கு ஜன்னல்

செங்கமலம் எங்கள் ஊர்ச் சத்துணவுக் கூடத்தில் சமையலராக இருந்து, 2017ஆம் ஆண்டு ஓய்வு பெற்றார். அதற்கு முன் ஊரின் பெரிய நிலக்காரர் வைத்திலிங்கத்தின் வயலில் நடவு நட்டவர். ஓய்வு பெற்றபோது முழங்கால் இரண்டும் போயிருந்தன. கணவர் இல்லை, பிள்ளைகளும் இல்லை. இனி உட்கார்ந்த இடத்தில்தான் காலம் கழியும் என்று தெரிந்ததும், அந்த இடம் எப்படி இருக்க வேண்டும் என்பதை அவரே முடிவு செய்தார்.

அவருடைய மனை தெருவின் கடைசியில் இருந்தது. கிழக்கே வேலியைத் தாண்டினால் வைத்திலிங்கத்தின் வயல். அதற்கப்பால் கொள்ளிடக் கரை. அஸ்திவாரம் தோண்டுமுன் வெறும் மனையில் நாற்காலியைப் போட்டு, தையில் ஒருமுறையும் ஆடியில் ஒருமுறையும் விடியற்காலையில் உட்கார்ந்து, வெயில் விழும் இடத்தில் முளைக்குச்சி அடித்தார். கொத்தனார் ரஞ்சித்குமார் ஜன்னலை வழக்கமான உயரத்தில் வைக்கப் பார்த்தான்.

"உக்காந்தா வயலு தெரியணும்டா. நின்னு பாக்க எனக்கேது காலு?"

"தெருப்பக்கம் வைங்க அத்த. போறவங்க வாரவங்களப் பாத்துக்கிட்டு இருக்கலாம்."

"அவங்களப் பாத்து என்ன பண்றது? நடவுல குனிஞ்சா சேறுதான் தெரியும். வயலு எம்மாம் பெருசுன்னு நான் இன்னும் பாக்கல."

ஜன்னல் தாழ இறங்கியது. அகலம் ஆறடி. எங்கள் ஊரில் அவ்வளவு பெரிய ஜன்னல் வேறில்லை.

வைகாசியில் புதுமனை புகுவிழா. வைத்திலிங்கமும் அவர் மனைவி கமலவேணியும் வந்தார்கள். அந்த வீட்டுத் தண்ணீரைத் தொடவில்லை. கடையில் வாங்கிய கலர் பாட்டிலைத் திறந்து குடித்தார்கள். கமலவேணி ஜன்னலருகே போய் நின்றார்.

"நல்லாத்தான் கட்டியிருக்க. எங்க வயல நீ உக்காந்து பாக்குறதுக்கு."

"ஆமாங்கம்மா. நீங்கதான் பாக்குறதில்லையே, நானாச்சும் பாக்குறேன்" என்று செங்கமலம் சிரித்தார். விளையாட்டாகச் சொன்னதுதான். கமலவேணி சிரிக்கவில்லை.

அடுத்த தையில் கதிர் முற்றும் நேரம் மழை பிடித்துக்கொண்டது. ஒரே நாளில் ஒன்பது சென்டிமீட்டர். சுற்றுவட்டாரத்தில் எல்லோருக்கும் பயிர் சாய்ந்தது. கமலவேணி காரணத்தை வேறு இடத்தில் கண்டார்.

"பொழுதன்னைக்கும் ஒருத்தி குந்திக்கிட்டு வெறிச்சு வெறிச்சுப் பாத்தா கண்ணு படாதா?"

முதலில் ஜன்னலுக்கு நேரே திருஷ்டி பொம்மை நட்டார்கள். செங்கமலம் அதையும் சேர்த்துப் பார்த்தார். பிறகு வேலியோரம் மூன்று வரிசை தைலமரக் கன்று வைக்க ஆள் வந்தது. குழி வெட்ட வந்தவர்களில் செங்கமலத்தின் தங்கை வீராயியும் இருந்தாள். தலை நிமிராமல் வெட்டினாள்.

"கூப்புட்டாங்க, வந்தேங்க்கா. நான் வரலன்னா இன்னொருத்தி வருவா."

"ஆழமா வெட்டுடி. மேலாப்புல வச்சா காத்துக்குச் சாஞ்சிடும். அப்பறம் அதுக்கும் எங் கண்ணுதான்னுவாங்க."

கன்றுகள் ஜன்னலை எட்டியபோது, செங்கமலம் கோலூன்றி வைத்திலிங்கம் வீட்டுக்குப் போனார். நெல் கணக்கெழுதப் போயிருந்த நானும் அங்கிருந்தேன். யாரும் அவரை உட்காரச் சொல்லவில்லை.

"ஐயா, ஜன்னல் அகலத்துக்கு மட்டும் கன்ன எடுத்துடுங்க. காலைல வெயிலாச்சும் உள்ள வரும்."

வைத்திலிங்கம் கோபப்படவில்லை.

"வயலத்தான பாக்கணும்? வரப்புல வந்து குந்திக்க. யாரு வேண்டாங்குறா? நடவுக்கு வந்த பொம்பளதான நீ."

மூன்று வருடத்தில் மரங்கள் மொட்டைமாடியைத் தாண்டின. காலை பத்து மணிக்கும் அந்த வீட்டுக்குள் விளக்கெரிந்தது. மரம் தண்ணீரை இழுத்ததில் அதையொட்டிய நெல் முழங்காலுக்கு மேல் வளரவில்லை.

"மரத்த நட்டும் இடுக்கு வழியாப் பாக்குறா பாரு" என்றார் கமலவேணி. அந்த ஜன்னலை அடைக்கும்வரை அந்தத் தெருப் பெண்களுக்கு நடவு இல்லை என்று சொல்லியனுப்பினார். வெளியூர் ஆட்கள் வேனில் வந்து நட்டுவிட்டுப் போனார்கள்.

வீராயி வந்து வாசற்படியில் நின்றாள்.

"பதினோரு வூட்டுல வேல இல்லக்கா. எல்லாரும் என்னையத்தான் கேக்குறாங்க. அதுலதான் ஒண்ணுமே தெரியலயே, பின்ன எதுக்கு அந்த ஜன்னலு?"

 மறுநாள் செங்கமலம் ரஞ்சித்குமாரை வரச் சொன்னார். அவன் ஜன்னல் சட்டத்தைப் பெயர்த்துவிட்டுக் கல்லடுக்கினான். மேல் வரிசை மூடும்வரை செங்கமலம் நாற்காலியை நகர்த்தவில்லை.

"வெளிப்பக்கம் எப்பப் பூசட்டும் அத்த?"

"உள்பக்கம் மட்டும் பூசு. அந்தப் பக்கத்த யாரு பாக்கப்போறா?"

சாயங்காலம் கமலவேணி ஆளனுப்பி, சுவரைத் தட்டிப் பார்த்துவரச் சொன்னார். அடுத்த வாரம் தெருப் பெண்களைக் களையெடுக்கக் கூப்பிட்டார்கள். வீராயியை மட்டும் கூப்பிடவில்லை.

"அக்காவுக்கு உள்ள கண்ணு தங்கச்சிக்கு இல்லாமலா போயிடும்?" என்றாராம் கமலவேணி.