லோன் வருமுன்னே பால் காய்ச்சிய கதை

வீட்டுக் கடனுக்கு அலைவதையும் ஒரு வேலை என்று சேர்த்தால், போன கோடை முழுக்க நானும் வேலைக்குப் போனவள்தான். பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு பேங்க் நாற்காலியில் காத்திருக்கும் அக்கா தங்கைகளே, இது உங்களுக்குத்தான்! பாபநாசம் பக்கம் ஒரு வீடு, பார்த்த அன்றே பிடித்துவிட்டது. விற்பவர் சிங்கப்பூரிலிருந்து லீவில் வந்த அண்ணன். லீவு முடிவதற்குள் லோன் வராவிட்டால், ரொக்கத்தோடு நிற்கும் வேறு ஆளுக்கு எழுதிவிடுவேன் என்று முதலிலேயே சொல்லிவிட்டார்.

வரவில்லாத மாசங்கள்

என் வீட்டுக்காரர் சொந்தமாக நெல் அறுவடை மெஷின் ஓட்டுகிறார். குறுவை, தாளடி அறுப்பு வந்தால் சாப்பிடக்கூட வீட்டுக்கு வரமாட்டார். பேங்க் மேனேஜர் பாஸ்புக்கைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். "நடுவுல இத்தனை மாசம் வரவே இல்லையே, அப்ப என்ன நடக்குது?" வாயைத் திறக்காதீர்கள் என்று நான் இவர் காலை மிதிப்பதற்குள், பணிவாகச் சொல்லிவிட்டார்:

"அப்பத்தான் சார் நெல்லு வளருது."

குடியிருப்பவர்கள்

ஆடி பிறந்தால் புது வீட்டில் பால் காய்ச்ச முடியாதே என்று மாமியாருக்குக் கவலை. ஆனியிலேயே நல்ல நாள் பார்த்து, அண்ணனிடம் கேட்டுச் சாவி வாங்கி, அடுப்பு, குத்துவிளக்கு, பாய் எல்லாம் கொண்டுபோய்ப் பாலைப் பொங்கவிட்டோம். அந்த நேரம் பார்த்து, வீட்டை மதிப்புப் போட பேங்க் இன்ஜினியர் வந்தார். அவருக்கும் ஒரு டம்ளர் பால் கொடுத்தேன். குடித்தார், போட்டோ எடுத்தார், போனார். நல்ல மனுஷர் என்று நினைத்தேன்!

அன்றோடு ஃபைல் நின்றுவிட்டது. அண்ணனோ தினம் போன் செய்து, ரொக்கக்காரர் கேட்டுக்கொண்டே இருக்கிறார் என்கிறார். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பேங்க்குக்கு ஓடினேன். லோன் பார்க்கும் மேடம் என் பக்கம் குனிந்து ரகசியமாகச் சொன்னார்:

"அந்த வீட்ல யாரோ ஒரு குடும்பம் அடுப்பு வெச்சுக் குடியிருக்காங்களாம்மா. முதல்ல அவங்களைக் காலி பண்ணச் சொல்லுங்க."

சாவி

எங்களை நாங்களே காலி செய்துகொண்டு, சாவியை அண்ணனிடமே திருப்பிக் கொடுத்தோம். இன்ஜினியர் மறுபடி வந்து வெறும் வீட்டைப் படம் பிடித்தார். ஃபைல் ஓடியது!

பத்திர ஆபீசுக்கு அண்ணன் பெட்டியோடு வந்தார். அங்கிருந்து நேரே திருச்சி ஏர்போர்ட். செக் கொண்டுவர வேண்டிய பேங்க்காரரைத்தான் காணோம். எங்கள் டோக்கன் நெருங்க நெருங்க, நான் வாசலுக்கும் பெஞ்சுக்குமாக நடந்துகொண்டிருந்தேன். கூப்பிடும் நேரத்துக்கு, ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் செக்கோடு ஓடிவந்தார் மனுஷர்! ரேகை வைத்தோம், போட்டோவுக்கு நின்றோம், வீடு எங்களுடையது! எனக்கு அழுகையே வந்துவிட்டது. காரில் ஏறிய அண்ணன் ஜன்னல் வழியே சாவியை நீட்டினார்:

"தங்கச்சி, போர் மோட்டாரை ரெண்டு தட்டு தட்டினாத்தான் ஓடும். முன்னாடியே சொல்லியிருப்பேன், ஏற்கெனவே பேங்க் உங்களைப் படுத்துதேன்னு விட்டுட்டேன்."

அத்தனை நாள் நாங்கள் கூப்பிட்டால் எடுக்காத பேங்க், இப்போது தவணைக்கு முந்தின நாளே தானாக மெசேஜ் அனுப்பி நலம் விசாரிக்கிறது.