வறண்ட வாய்க்காலில் விளையாடிய மகள்

ஊரடங்கில், ஆள் நடமாட்டமில்லாத இடத்தில் நோய் அண்டாது என்று நம்பி, ஆறு வயது மகள் கயலை வீட்டுக்குப் பின்னாலிருந்த வறண்ட வாய்க்காலில் விளையாட விட்டேன். மேட்டூர் அணைத் தண்ணீர் எங்கள் திருவாரூர்ப் பக்கம் வர நாளாகும் என்று நினைத்து, உள்ளே ஆன்லைன் மீட்டிங்கில் உட்கார்ந்திருந்தேன்.

திடீரென்று இரைச்சல். ஓடினேன். வாய்க்கால் முழுக்கக் கலங்கல் தண்ணீர் நுரைத்துக்கொண்டு போனது. கயல் கரைமேல் உட்கார்ந்திருந்தாள்.

"யாரும்மா தூக்கிவிட்டாங்க?"

"யாருமில்லப்பா. எறும்பெல்லாம் முட்டையத் தூக்கிக்கிட்டு மேல ஏறுச்சு. என்னமோ வரப்போவுதுன்னு நானும் ஏறிட்டேன்."

இப்போது தண்ணீர் திறப்புச் செய்தியைத் தவறவிடுவதில்லை. வழியில் நின்று அவள் எதையாவது உற்றுப் பார்த்தால், "சீக்கிரம் வா" என்று இழுப்பதுமில்லை. நானும் குனிந்து பார்க்கிறேன்.